கடலைச் சுத்தம் பண்ண வந்த மிஸ்

மடுல்சீமைத் தோட்டத்தில் நான் தேயிலைக்கு மருந்து அடிக்கிறேன். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் மருந்து டேங்கை நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில்தான் கழுவுவேன். போன வருசம் சுற்றாடல் ஆபீஸிலிருந்து ஒரு மிஸ் வந்து கூட்டம் வைத்தார். "நாலைஞ்சு நாடு சேர்ந்து கடலைச் சுத்தம் பண்றோம்" என்றார்.

"கடலையா? கொண்டாங்க மிஸ், நான் பொடைச்சுத் தாறேன்" என்றாள் என் சம்சாரம்.

மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஆறு மகாவலியில் விழுந்து கடலுக்குப் போகுதாம். அந்தக் கடல் அத்தனை நாட்டுக்கும் பொதுவாம். டேங்கைத் தேயிலை மலையிலேயே கழுவி, அந்தத் தண்ணியையும் செடிக்கே அடிக்கச் சொன்னார். சரிதான். ஆனால் மலைக்குத் தண்ணி யார் சுமப்பது? எனக்கு முதுகு வலி.

"ஆளுக்கொரு வாளி தூக்குவோம்" என்றாள் சம்சாரம். இப்போது அப்படித்தான் செய்கிறோம். அவள் வாளியில் பாதித் தண்ணிதான் இருக்கும். ஏன் என்று நான் கேட்பதில்லை.