சந்தனம் அப்பிய தீயணைப்பான்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று எரிந்த பிறகுதான் தோட்டக் கமிட்டி தீப்பாதுகாப்பு பற்றிப் பேச மண்டபத்தில் கூட்டம் போட்டது. மண்டபச் சுவரில் தீயணைப்பான் ஒன்று தொங்கியது. ஆயுதபூஜை தவறாமல் அதற்கும் சந்தனம் வைத்து மாலை போடுவோம். கும்பிட்டதோடு சரி, வீடு எரிந்த அன்றுகூட அதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், அழுத்தம் காட்டும் கண்ணாடியில் அப்பியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். முள் சிவப்பில் கிடந்தது.

"தலைவரே, இது காலி. புதுசு வாங்கணும்" என்றேன்.

"வாங்கலாம் லா. அதுக்கு ஏன் தம்பி சாமிக்கு வச்ச பொட்ட அழிச்ச?" என்றார் தலைவர்.

எரிந்த வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளர் சந்தனம் குழைத்து வந்து, முள் மறையும்படி, வட்டமாக, அழகாகப் பொட்டு வைத்தார்.