முகர்ந்த கால்

எங்கள் வீட்டு நாய்க்குத் தண்ணீர் வேண்டுமென்றால், காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து என் மனைவியின் காலடியில் விட்டுவிடும். திட்டினால் கொட்டாவி விடும். அது தூக்கமில்லை, சங்கடம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. வெள்ளிமலையிலிருந்து நான் ஜீப்பில் கொண்டுவந்த குட்டி அது. மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றி ஓட்டுவது என் பிழைப்பு. பிள்ளைகள் இல்லாத வீட்டில், ஒரு நாய் சொல்வதையெல்லாம் கேட்க எங்களுக்கு நேரம் இருந்தது.

அதனால்தான், போன மாசியில் அது சொன்னது புரியவில்லை என்று நான் பொய் சொல்ல முடியாது.

ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கமாக என் முட்டிமேல் முன்னங்காலை வைத்து வாலாட்டுகிற நாய், அன்றைக்கு நேராக இடது பாதத்துக்குப் போனது. செருப்போரம் மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. மறுபடி பாதம். மறுபடி முகம். வால் அசையவே இல்லை.

காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்குச் சர்க்கரை. என் அப்பாவுக்கும் இருந்தது. அவருக்குக் கட்டைவிரலில் ஆரம்பித்த ஒரு புண், முட்டிக்குக் கீழே காலை எடுப்பதில் போய் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்ததைப் பார்த்தவன் நான். கொஞ்ச காலமாகவே என் பாதம் மரத்துப்போயிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில், கிளட்ச்சின்மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன். மனைவியிடம் சொல்லவில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதும் இல்லை. பார்க்காதவரை அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள், வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்து நாய் உறுமியது. அதற்கடுத்த நாள் இடது செருப்பை மட்டும் காணோம். கொல்லையில் வாழை மரத்தடியில் கிடந்தது. நான் படுத்தால் காலடியில் உட்கார்ந்து முனகும்.

"இன்னாங்க இது, ஒங்க காலயே சுத்திகினு கெடக்குது?" என்றாள் மனைவி.

"மலையில மீன் கொழம்பு சாப்ட்டேன். கால்ல ஊத்திகிச்சு."

"மூணு நாளாவா?"

நாயைக் கொல்லையில் கட்டிப்போட்டேன். கட்டும்போதும் அது கயிற்றைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தது. அதன் கண்களைச் சந்திக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் மலையேறும்போதெல்லாம் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ராகி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை வண்டியில் ஏறப்போனேன். நாய் கயிற்றை எப்படியோ அறுத்துக்கொண்டு ஓடிவந்து என் லுங்கியைக் கவ்வி இழுத்தது.

"வுடு! வுடுன்றன்ல!"

விடவில்லை. காதுகள் இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. தொண்டைக்குள் அழுகை மாதிரி ஒரு சத்தம். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. இடது காலால் ஓங்கி உதைத்தேன்.

அது கத்திக்கொண்டு உருண்டது. என் செருப்பு கழன்று ஜீப்புக்கு அடியில் போய் விழுந்தது. எனக்கு வலியே தெரியவில்லை. விலா எலும்பில் அவ்வளவு வேகமாக மோதிய கால், என் கால் மாதிரியே இல்லை. குனிந்து பார்த்தேன். மண்ணில் மஞ்சளும் சிவப்புமாக ஈரம். அப்படியே நின்றுவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த மனைவி, என்னை ஜீப் படியில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் கருநீல வீக்கம்.

"ஐயோ, இத எப்பிடிங்க பாக்காம இருந்தீங்க?"

"பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றேன்.

வண்டியை எடுக்க அவள் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். வழி முழுக்க, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் புண்ணுக்குள்ளிருந்து ஒரு வேலிக்காத்தான் முள்ளை எடுத்துத் தட்டில் போட்டார். செருப்பைத் துளைத்து ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது.

"எத்தினி நாளா இருக்குது?"

"தெரியலீங்க. நாய்க்குத்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை.

"முட்டிக்குக் கீழ எடுத்துருவீங்களாங்க?" என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனா நிற்கும்வரை என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் வுட்டிருந்தா நீங்க கேட்டதுதான் நடந்திருக்கும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது நாய் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. நான் காலைச் சற்று அசைத்தாலும் உடம்பைக் குறுக்கியது. இரண்டு நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் பிஸ்கட் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தயங்கித் தயங்கி வந்து என் காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியை முகர்ந்தது. பிஸ்கட்டைத் தொடாமல் என் தொடையில் மோவாயை வைத்துக்கொண்டது. அதன் விலாவைத் தடவினேன்.

இப்போது தினமும் காலையில் மனைவி என் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்க்கிறாள். போன வாரம் நாய் என் வலது பாதத்தை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தது. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. உடனே கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"சோத்துப் பருக்கைங்க, ஒட்டிகினு இருக்குது" என்றாள்.

"நல்லாப் பாரு" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.