என் கண்ணுக்கு மட்டும் தெரியாத அங்கிள்

யாராவது பேய்க் கதைய ஆரம்பிச்சாலே எந்திரிச்சு போய் தேத்தண்ணி கலக்குற ஆளு நான். என் நாத்தனார் ஒருத்தி இருக்கா, லிஃப்ட் கதவு தானா தொறந்தாகூட யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு சொல்லுவா, அவள நான் கிண்டல் பண்ணாத நாளே கெடையாது. அதனால இத நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னு எனக்கே தெரியும். பரவால்ல, நம்பலன்னாலும் முழுசா கேட்டுடுங்க. பட்டப்பகல்ல, மூனு மணி வெயில்ல நடந்தது இது.

எனக்கு ஜியோகேச்சிங்னு ஒரு பைத்தியம் உண்டு. ஒருத்தர் ஒரு சின்ன டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வெச்சுட்டு அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பர ஆப்ல போடுவாங்க, மத்தவங்க போன கைல புடிச்சுக்கிட்டு போயி தேடிக் கண்டுபிடிக்கணும். டப்பாக்குள்ள ஒரு குட்டி நோட்டு இருக்கும், அதுல பேரும் தேதியும் எழுதிட்டு திரும்ப அதே எடத்துல வெச்சுட்டு வரணும், அப்புறம் ஆப்லயும் நாலு வரி எழுதுவாங்க. பரிசு கிரிசு ஒன்னும் இல்ல லா. கண்டுபிடிச்ச சந்தோஷம்தான்.

அந்த நோட்டு இருக்கே, அத கடைல வாங்க எனக்கு மனசு வராது. நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பிரிண்டிங் கடைல வேல பாக்குறேன், கல்யாணக் கார்டு வெட்டுனது போக நல்ல நல்ல தாளா மிஞ்சும், அத தீப்பெட்டி சைசுக்கு வெட்டி, நடுவுல ஊசியால மூனு ஓட்ட போட்டு, மெழுகு தடவுன நூலால தைப்பேன். அட்டைக்கு கிழிஞ்ச மழைக்கோட்டு. அதுக்காகவே என் டப்பாவ தேடி வரவங்க உண்டு, பெருமைக்கு சொல்லல.

கிள்ளான்ல ஆத்தோரமா ஒரு முட்டுச்சந்து இருக்கு. ஒரு பக்கம் பழைய கடைங்களோட பின்சொவரு, இன்னொரு பக்கம் இரும்புக் கம்பி, கம்பிக்கு நடுவுல ஆத்துக்குள்ள எறங்குற கல்லுப் படி. முன்ன படகு கட்டுவாங்களாம், இப்ப பாசி புடிச்சு கெடக்கு. அந்தக் கம்பியோட வளைவுக்குப் பின்னால காந்தம் ஒட்டி ஒரு டப்பாவ வெச்சேன்.

மொதல்ல கண்டுபிடிச்சது ஸ்ரீ கெம்பாங்கான்லேர்ந்து வந்த ஒரு சீனப் பையன். நோட்டு ரொம்ப அழகா இருக்கு, கம்பி பக்கத்துல ஒக்காந்திருந்த அங்கிள்தான் கை காட்டுனாரு, அவருக்கும் நன்றின்னு ஆப்ல எழுதியிருந்தான். சரி, அந்த ஏரியா ஆளு போலன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்த ஒருத்தர், கால்ல சிவப்பு பிளாஸ்டிக் பைய ரப்பர் பேண்டு போட்டு கட்டியிருந்த அங்கிள் டப்பாவ காமிச்சுட்டாரு, இது நியாயமான்னு சிரிச்சு எழுதியிருந்தாரு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு. அதே அங்கிள், அதே சிவப்பு பை.

சர்க்கர வியாதிக்காரங்க கால்ல புண்ணு வந்தா மழைத்தண்ணி படாம பை கட்டிக்குவாங்க இல்லையா, அதுதான்னு நெனச்சேன். பாவம்னு ஒரு சனிக்கெழம கடைல சோறு தாப்பாவ் பண்ணி, பொட்டலமா கட்டி எடுத்துக்கிட்டு போனேன். யாருமில்ல. மறுவாரமும் போனேன், அதுக்கு அடுத்த வாரமும் போனேன். ஆளும் இல்ல, ஒக்கார்றதுக்கு அங்க ஒரு கல்லுகூட இல்ல. சந்து மொனைல இருக்கிற வர்க்‌ஷாப் ஆளுகிட்ட கேட்டா, இந்தப் பக்கம் எவனும் வந்து ஒக்கார்றது இல்லன்னு மலாய்ல சொல்லிட்டு அவர் வேலைய பாக்கப் போய்ட்டாரு.

மூனாவது தடவ நான் போய்ட்டு வந்த அதே நாள்ல, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு மலாய் புருஷன் பொண்டாட்டி அந்த டப்பாவ கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க எழுதுனத படிச்சப்ப நான் கொம்முட்டர் ரயில்ல வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். உங்க அங்கிள் ரொம்ப நல்லவரு, ஆனா ஒரு வருத்தம் சொன்னாரு, நோட்டு தைக்கிற பொண்ணு சோத்துப் பொட்டலத்தோட வருது, என்னத் தாண்டி போவுது, ஆனா என் மொகத்த மட்டும் பாக்கவே மாட்டேங்குதுன்னு.

எறங்குற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப படிச்சேன். 

யாரோ வெளையாடுறாங்கன்னுதான் அப்பவும் நெனச்சேன். மறைஞ்சு நின்னு என்னப் பாத்திருப்பாங்க. ஆனா தனியா போவ பயமா இருந்துச்சு, அதனால சாந்திய கூப்பிட்டேன். சாந்தி ரவாங்ல இருக்கிறவ, இந்த டப்பா தேடப் போயிதான் எனக்கு பழக்கம், கிளினிக்ல நர்சு வேல. புண்ணுன்னு சொன்ன ஒடனே பஞ்சு, மருந்து, துணியெல்லாம் பைல போட்டுக்கிட்டு ஞாயித்துக்கெழம வந்துட்டா. நான் அந்த மலாய்க்காரங்க எழுதுனத அவகிட்ட சொல்லல. ஏன் சொல்லலன்னு இன்னிக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

காலைல மேல, ஆறு வர்ற கேஎல் பக்கம் நல்ல மழ, அதனால கிள்ளான்ல வெயிலடிச்சாலும் ஆத்துல தண்ணி ஏறி கலங்கலா ஓடிக்கிட்டிருந்துச்சு. கீழ்ப்படியெல்லாம் தண்ணிக்குள்ள. சந்துல யாருமில்ல, நான் நல்லா பாத்தேன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாத்தேன். சரி வந்ததுக்கு நோட்டையாவது மாத்திடுவோம்னு கம்பிகிட்ட குனிஞ்சு டப்பாவ தொறந்து, நெறஞ்சுபோன நோட்ட எடுத்துட்டு புதுச வெச்சுக்கிட்டு இருக்கேன். பின்னாடி சாந்தி பேசுற சத்தம் கேக்குது. கிளினிக்ல பேசுற அதே கொரல்.

"எத்தன நாளா இருக்கு அங்கிள்?"

போன்ல பேசுறான்னு நெனச்சு திரும்புனேன். சொவத்து ஓரமா குந்திக்கிட்டு இருக்கா. முன்னாடி வெறும் சொவருதான், ஆனா அவ ரெண்டு கையும் முட்டி ஒசரத்துல எதையோ மெதுவா அவுக்குது. ரப்பர் பேண்ட இழுத்து விடும்போது வெரல எப்படி வெப்போம், அப்படி.

"சாந்தி, யார்கிட்ட பேசுற?"

என்னத் திரும்பி பாத்தா. நான் ஏதோ மரியாத இல்லாம நடந்துக்கிட்ட மாதிரி ஒரு பார்வ. "அக்கா, அவரு முன்னாடியே அப்படி கேக்காத."

அவ நடிக்கிற ஆளு இல்ல.  அவ திரும்ப அவர்கிட்ட ஏதோ கேட்டா, தலையாட்டுனா, அப்புறம் என்கிட்ட, மொதல்ல கால கழுவணுமாம், கீழ எறக்கிவிடச் சொல்றாருன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. எந்திரிக்கும்போது யாரையோ தூக்கிவிடுற மாதிரி ஒடம்ப சாய்ச்சு எந்திரிச்சா. எடது கைய மடக்கி வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியா, நோயாளிய நடத்திக் கூட்டிக்கிட்டு போற மாதிரி படிப் பக்கம் போறா. அவ சட்டைக் கை சுருங்கியிருந்துச்சு, யாரோ அத இறுக்கிப் புடிச்சிருந்தா எப்படி சுருங்குமோ அப்படி. காத்துல அப்படி சுருங்காது.

பாசிப் படி. அதுக்குக் கீழ ஆறு.

அடுத்து எனக்குத் தெரியிறது, நான் மூனாவது படில நிக்கிறேன், அவ தோள் பையோட வார ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்குறேன். அவ ஒரு காலு தண்ணிக்குள்ள. இழுத்த வேகத்துல ரெண்டு பேரும் படிலயே ஒக்காந்து விழுந்தோம். அவ அப்பதான் கத்துனா. "விட்டுட்டியே அக்கா, அவரு விழுந்துட்டாரு."

நான் தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தெரியாம சொல்லல, சத்தியமா சொல்றேன், ஒன்னும் விழல. ஒரு துளி தெறிக்கல.

சாந்தி அழுதுக்கிட்டே பொம்பாவுக்கு, அதான் தீயணைப்புக்காரங்களுக்கு, போன் பண்ணிட்டா. அவங்களும் படகோட வந்து பொழுது சாயுற வரைக்கும் தேடுனாங்க. வர்க்‌ஷாப் ஆளு வந்து இங்க யாரும் இருந்ததே இல்லன்னு அவங்ககிட்டயும் சொன்னாரு. காணோம்னு எந்தக் குடும்பமும் வரல, ஒடம்பும் கெடைக்கல. நான் அன்னிக்கே டப்பாவ எடுத்துக்கிட்டு வந்துட்டேன், ஆப்லேர்ந்தும் எடுத்துட்டேன்.

சாந்தி எனக்கு போன் பண்ணல. நான் பண்ணாலும் எடுக்கல. நாலு மாசம் பொறுத்துப் பாத்துட்டு ரவாங்குக்கே போய்ட்டேன். கதவத் தொறந்தா, ஒக்காரச் சொன்னா, தேத்தண்ணி குடுத்தா. நான் மெதுவா எடுத்து சொன்னேன், அங்க யாருமே இல்ல சாந்தி, நான் ஒன்ன காப்பாத்தத்தான் இழுத்தேன்னு. அவ கோவப்படவே இல்ல. அதுதான் எனக்கு தாங்கல. என்ன பாவமா பாத்துட்டு சொன்னா:

"நான் எங்க அக்கா எறங்குனேன்? நான் மருந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். நீதான் வந்து மொதல்ல அவரோட வலது கைய புடிச்ச. வாங்க அங்கிள், மன்னிச்சுக்கோங்க, இவ்ளோ நாளா பாக்காமயே போய்ட்டேன்னு நீ சொன்ன. அதுக்கப்புறம்தான் நான் இந்தப் பக்கம் வந்து புடிச்சேன். மூனாவது படில நீதான் கைய விட்ட."

 திரும்பி ரயில்ல வரும்போது யோசிச்சுப் பாத்தேன். கம்பிகிட்ட நின்னு அவள பாத்தது ஞாபகம் இருக்கு. மூனாவது படில நின்னது ஞாபகம் இருக்கு. நடுவுல நான் நடந்ததும் எறங்குனதும் ஞாபகத்துல இல்ல, எவ்ளோ நேரம்னும் தெரியல.

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் வீட்டுக்காரர்கிட்டகூட. ஆனா போன வாரம் பங்சார்ல ஒரு கல்யாண விருந்து முடிஞ்சு ரெண்டு பேரும் மண்டபத்துப் படில எறங்கி வந்துக்கிட்டு இருந்தோம். அவரு கீழ போயி நின்னு என்ன நிமிந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. ஏன் இப்பல்லாம் ஒவ்வொரு படிலயும் ரெண்டு காலையும் வெச்சு நின்னு நின்னு எறங்குற, முட்டி வலியான்னு கேட்டாரு. அப்புறம், அந்த எடது கைய ஏன் அப்படி மடக்கி வெச்சிருக்கன்னு கேட்டாரு.