நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கட்டைவிரல்

நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இது நடந்தது. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பழைய ஓவியச் சுவடிகளைப் படமெடுத்து, அசல் போலவே புத்தகமாக அச்சிடுவது எங்கள் வேலை. தங்கப்பூச்சு, பூச்சி அரித்த ஓட்டை, மெழுகுக் கறை எல்லாம் அப்படியே வர வேண்டும். படமெடுப்பவன் என் மச்சான், மனைவியின் தம்பி. நிறம் சரிபார்ப்பவன் நான். கறையில் கைவைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் சட்டம்.

அன்று பிற்பகல் 2.10. ஜன்னல் இல்லாத இருட்டறை. திரையில் 41ஆம் பக்க ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. நடுவே குறுக்காக ஒரு வெட்டு. மச்சானின் விரலில் காகிதக் கத்தி பட்ட அதே வெட்டு.

"கையைத் துடைக்காம பக்கத்தைப் புரட்டினியா?"

"சத்தியமா இல்ல மாமா."

முதலாளி பார்த்தால் அவன் வேலை போய்விடும். அவனைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ரேகையை அழித்தேன். அவசரத்தில் 'இனி வரும் எல்லாப் பக்கங்களுக்கும்' என்பதை அழுத்திவிட்டேன். 41இலிருந்து கடைசிப் பக்கமான 212 வரை. அந்தப் பக்கங்களை நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கியது.

2.14. மச்சான் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"விரலை வச்சா திறக்க மாட்டேங்குது..."

விரலை நீட்டினான். வழுவழுவென்று இருந்தது. ரேகை இல்லை. வெட்டும் இல்லை.

திரையில் 42. டக்.

ஆள்காட்டி விரலும் வழுவழுப்பானது.

"மாமா... கை மரத்துப்போகுது..."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. 58. டக். 59. டக். உள்ளங்கை ரேகைகள் என் கண்ணெதிரே மறைந்தன.

ஒயரைப் பிடுங்கினேன்.

2.31. எண் 96.

மச்சானுக்குத் தோள்வரை உணர்ச்சி இல்லை.

டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சுவடியை மறுபடி படமெடுத்தேன். அசலிலேயே 41 முதல் 96 வரை ஓரங்கள் சுத்தமாக இருந்தன. அதற்கு மேல் புரட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒயரைச் செருகினேன். 97. டிஸ்க்கை உடைத்துப் போட்டேன். அடுத்த நாள் வேறு கம்ப்யூட்டரில் தானாகவே 98 என்று வந்தது. தினமும் ஒரு பக்கம். நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

"இன்னைக்கு எத்தனை மாமா?" என்று தினமும் கேட்கிறான். எனக்கு அழுகை வருகிறது. பொய் சொல்கிறேன்.

போன வாரம், அந்தச் சுவடியை எங்களுக்குக் கொடுத்த நூலகம் ஒரு பழைய படச்சுருளை அனுப்பியது. அறுபது வருடத்துக்கு முன் எடுத்தது. மச்சானுக்கு வயது முப்பத்திரண்டு.

41ஆம் பக்கத்தில் அதே கட்டைவிரல். அதே வெட்டு. 60இல் உள்ளங்கை.

212ஆம் பக்கத்தில்... ஒரு முகம் அழுந்தியிருந்தது. கண், மூக்கு, வாய்.

என் மனைவி பார்த்ததும், "தம்பி..." என்றாள்.

இன்று காலை எண் 209.