படகுக்கு வைத்திருந்த பெற்றோல்

பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில், யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி இப்போது ஓடாதா என்ற துணிவில், என் மோட்டார் சைக்கிளுக்கு அதையே ஊற்றினேன். அம்மாவுக்கு முட்டு இழுக்கத் தொடங்கி மூச்சுத் திணறியதும் அவரை ஏற்றிக்கொண்டு பூநகரியிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பாதி வழியில், ஒரு வீடுகூட இல்லாத வெளியில், எஞ்சின் நின்றுவிட்டது.

உதைத்து உதைத்துப் பார்த்தேன். புகைதான் வந்தது. என் முதுகில் சாய்ந்திருந்த அம்மாவின் மூச்சு விசிலடித்தது.

சைக்கிளில் வந்த மீனவர் ஒருவர் எங்களைக் கண்டு இறங்கினார். பையிலிருந்து சிறிய போத்தலை எடுத்தார்.

"படகு ஸ்டார்ட் பண்ண வச்ச பெற்றோல். கொஞ்சம் விட்டுப் பாப்பம்."

காபரேற்றருக்குள் பீச்சினார். உதைத்தேன், எஞ்சின் பிடித்தது.

"மிச்சத்தையும் கொண்டு போங்கோ தம்பி. வழியில நிண்டாலும் நிக்கும்."

போத்தலைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு பறந்தேன். வழி முழுக்க எஞ்சின் சத்தத்தையும் அம்மாவின் மூச்சையும் மாறி மாறிக் கேட்டபடியே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்துச் சற்றுத் தெளிந்ததும் அம்மா முகமூடியை விலக்கினார்.

"தம்பி, அந்த மனிசன் நாளைக்கு என்னெண்டு கடலுக்குப் போறது?"

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவருக்குத் தோன்றிய கேள்வி. போத்தல், மிச்சப் பெற்றோலோடு, என் சட்டைப் பையில்தான் இருந்தது.