டால்பின் படம் போட்ட ஜாக்கெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்பாங் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் நடந்தது இது. எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். தியோமான் தீவுக் கடலுக்கடியில் போய் மீன்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் வெகுநாள் ஆசை. எனக்கு அப்படியொன்றும் இல்லை. அவர் இறங்குவார், நான் மட்டும் கரையில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்க வேண்டுமா என்ற ரோஷம்தான். கிள்ளானிலிருந்து பொழுது விடிந்ததும் கிளம்பி வந்தோம்.

என் உயரம் நான்கடி ஒன்பது அங்குலம். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மேல்தட்டு ஃபைலை எடுக்க நாற்காலி மேல் ஏறுவேனே தவிர, யாரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டேன். ‘குட்டி’ என்று யாராவது சொன்னால் போதும், சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு தமிழ்ப் பெண். முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குகிற ஜாக்கெட் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டாள். பெரியவர்களுக்கான அளவுகளில் அதுதான் மிகச் சிறியதாம். வார்களை எவ்வளவு இழுத்தும் உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.

“அக்கா, லூசா இருக்குலா. பிள்ளைங்க சைஸ் ஒன்னு இருக்கு, அத போட்டுப் பாக்குறீங்களா?” என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

ரோஸ் கலர் வார். நெஞ்சில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு டால்பின்! வகுப்பில் எங்களைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். நாற்பத்தெட்டு வயதில் நான் இதை மாட்டிக்கொண்டு நிற்பதா?

“வேணாம்மா, இதுவே ஓகே லா. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்றேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தண்ணீரில் இறங்கும் முன், ஜோடியாகப் போகிறவர்கள் ஒருவர் மாட்டியிருப்பதை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். என் கணவர் என் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏய், நெசமாவே ஓகேவா?” என்றார்.

“ஓகேன்னு சொல்றேன்ல! சும்மா தொணதொணக்காதீங்க” என்று எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் நம்பிவிட்டார்.

குளத்தின் அடியில், மூன்று ஆள் ஆழத்தில், அந்த ஜாக்கெட் தன் குணத்தைக் காட்டியது. நான் ஒரு பக்கம் திரும்பினால் சிலிண்டர் மறுபக்கம் சரிந்து என்னைப் புரட்டியது. ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொண்டது. தலையைத் தூக்கினால் பின்மண்டையில் இரும்பு இடித்தது. பதறிப்போய், கையில் அகப்பட்ட வாரை ஜாக்கெட் வார் என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தேன். அது இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கோத்த பெல்ட்டின் வால். என் இடுப்புக்கு அந்த பெல்ட்டும் நீளம்தான், மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி கழன்று பெல்ட் கீழே விழுந்தது. கனம் போனதும் விருட்டென்று மேலே கிளம்பிவிட்டேன்.

என் கணவர் தாவி என் காலைப் பிடித்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது, அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும் என்று அந்தப் பெண் முதல் நாள் பாட வகுப்பிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் அலறிக்கொண்டே போனதால் என் காற்று தானாக வெளியேறியது. குனிந்து பார்த்தேன். அவர் கண்கள் பிதுங்கியிருந்தன. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. ஐயோ, அந்த முகம்!

அந்தப் பெண் எங்கிருந்துதான் வந்தாளோ, அவர் ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் ஓங்கித் தட்டினாள். குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

கரையில் அவரை உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்தாள். கிளினிக்குக்கும் கூட வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, “தப்பு என் மேலயும் இருக்குக்கா. நீங்க ஓகேன்னு சொன்னத கேட்டு விட்டுருக்கக் கூடாது” என்றாள். அது திட்டியதைவிட வலித்தது.

என் கணவர்தான் சிரிக்கப் பார்த்தார். “ஒரு பிளவுஸ் அரை இஞ்ச் லூசுன்னு அந்த டெய்லர் அண்ணன மூனு தடவ பிரிச்சுத் தைக்க வெப்பே. அந்த ஆர்ப்பாட்டத்துல பாதி இங்க காட்டியிருக்கலாம்லா” என்றார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, டாக்டரின் அனுமதியோடு மறுபடியும் போனோம். நானே கேட்டு அந்த டால்பினை மாட்டிக்கொண்டேன். சிறிய சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, தலையில் இடிக்காதபடி இறக்கிக் கட்டினாள். பெல்ட்டின் வாலை வெட்டினாள். “குனிங்க, திரும்புங்க, மேல பாருங்க. இடிக்குதாக்கா?” என்றாள்.

“இடிக்குதும்மா” என்றேன். மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு எனக்கு நாற்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

அன்று தண்ணீருக்குள் ஜாக்கெட் அசையவே இல்லை. மாட்டியிருப்பதே மறந்துபோய், முதல் முறையாகச் சுற்றிலும் வேடிக்கை பார்த்தேன். பிறகு தியோமானுக்கும் இரண்டு தடவை போய்வந்துவிட்டோம்.

இன்றும் படகில் அவர் என் வாரை இழுத்துப் பார்த்து, “ஓகேவா?” என்று கேட்பார். நான் உடனே பதில் சொல்வதில்லை. தோளைக் குலுக்கி, குனிந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லை நம்பித்தானே அந்த மனிதர் எனக்குப் பின்னால் தண்ணீரில் குதிக்கிறார்.