கடைசி பெஞ்சுக்கு ஓர் ஆள்

நான் அக்கா என்று கூப்பிடும் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். வருஷா வருஷம் அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் தலைமையாசிரியர்கள் எழுதியது ஒரே வார்த்தை: 'திருப்திகரம்'. எழுதியவர்களில் ஒருவர்கூட அவர் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. அறிவியல் நடத்தும் எனக்கும் அதே வார்த்தைதான். விட்டது தொல்லை என்று நான் இருந்துவிட்டேன். அக்காவால் முடியவில்லை.

"பின்னம் நடத்துறப்ப பாதி வகுப்பு எங்கேயோ கழண்டுக்குது. எந்த இடத்துலன்னு போர்டு பக்கம் நிக்கிற எனக்குத் தெரிய மாட்டேங்குது. பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தா சொல்லிடுவாங்க" என்பார். பாராட்டுக்கு ஏங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கியவர் இவர் ஒருவர்தான்.

ஆட்சி மாறியது. பிள்ளைகள் வாங்கும் மார்க்கை வைத்துத்தான் இனி ஆசிரியருக்குப் பதவி உயர்வு என்றார் புது அமைச்சர். ஆசிரியர் சங்கம் கொதித்தது. சமாதானத்துக்கு ஒரு குழு போட்டார்கள். அக்காவும் அதில் இருந்தார். ஏழு கூட்டங்களில் மன்றாடி புது விதிகளில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்: 'மதிப்பிடுபவர் ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பில் அமர்ந்து கவனிக்க வேண்டும்.' அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாணப் பெண் தோற்றாள்.

அது அமலுக்கு வருவதற்குள் தேர்தல் நெருங்கிவிட, அமைச்சருக்கு ஆசிரியர்களின் ஓட்டு ஞாபகம் வந்தது. அவரும் சங்கத் தலைவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மார்க் விஷயத்தைக் கைவிட்டார்கள், அது நியாயம். கையோடு அக்காவின் வரிக்கு முன்னால் 'தேவைப்பட்டால்' என்று ஒரு வார்த்தையையும் சொருகிவிட்டார்கள். வெற்றி வெற்றி என்று சங்கத்தில் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் அக்கா தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார். நான் கூடப் போயிருந்தேன்.

"எனக்குத் தேவைப்படுது சார். ஒரு பீரியட் வந்து உட்காருங்க."

"உங்களுக்கு எதுக்கு டீச்சர்? உங்க மேல ஒரு புகார்கூட இல்லையே" என்று சிரித்துக்கொண்டே அவர் படிவத்தில் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. "நான் வந்து பின்னாடி உட்காரட்டுமாக்கா?" என்றேன்.



"வேணாம்மா. நீ நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுவே."